பழந்துப்பாக்கியும் பழுதுபார்ப்போரும்

பழம்பொருளைக் கண்டால் இருசாரார் கலங்குவர். ஒருசாரார் அதன் அழுக்கைக் கண்டு கலங்குவர். மறுசாரார் அதன்மேல் எவராவது கைவைத்துவிடுவாரோ என்று கலங்குவர். கோயிற் சுதைகளைப் பற்றியும் ஏட்டுச் சுவடிகளைப் பற்றியும் இவ்விரு சாராரும் நெடுங்காலமாக வாதிட்டு வருவதை வாசகர் அறிவர். யான் இங்கே எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் எளியது. பழைய துப்பாக்கி ஒன்றின் மரக்கட்டை வெடித்தோ, உடைந்தோ, நைந்தோ போனால் அதனை எவ்வாறு செப்பனிடுதல் தகும் என்பதே அது. இலக்கியப் பக்கத்திலே துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பவர் சற்றுப் பொறுப்பாராக. நான் கூறப்போகும் துப்பாக்கிகளின் மரத்திலே எழுத்து உண்டு. அவ்வெழுத்தை அழிப்பதா காப்பதா என்பதுதான் வழக்கு.

தென்னாபிரிக்காவில் 1899ஆம் ஆண்டு தொடங்கி 1902 மே 31இல் முடிந்த போயர் யுத்தத்தைச் சரித்திர மாணவர் அறிவர். அதற்கு முன்னரே, 1895ஆம் ஆண்டின் இறுதியில் ஜேம்சன் என்பார் நடத்திய திடீர்ப் படையெடுப்பினால் விழிப்படைந்த டிரான்ஸ்வால் அரசின் தலைவர் பவுல் குறூகர், ஜேர்மனியிலிருந்து மௌசர்த் துப்பாக்கிகளைச் சுமார் 37,000 அளவில் தருவித்தார். ஏழு மில்லிமீற்றர்க் குழல், ஐந்து தோட்டாக்களை ஒரே முறையில் ஏற்றும் வசதி, புகையில்லா மருந்து ஆகியவற்றால் அது அக்காலத்தின் மிகச் சிறந்த போர்க்கருவிகளுள் ஒன்றாயிற்று. அதன் கட்டை ஒரே துண்டு வால்நட் மரத்தாலாயது. வடநாட்டார் அக்ரோட் என்று கொட்டையைத் தின்கின்றார்களே, அம்மரந்தான். அதன் வைரம் கனமற்றது, வலியது, உளிக்கு இணங்குவது, அதிர்ச்சியைத் தாங்குவது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பியத் துப்பாக்கிச் சிற்பிகள் அதனையே விரும்பியமைக்குக் காரணம் இதுவே.

பீரங்கிப் படையினரும் பொலிசாரும் நீங்கலாக, போயர் தரப்பிற் போராடியவருள் மிகப் பெரும்பாலோர் சம்பளச் சிப்பாய்கள் அல்லர், பண்ணை உழவர். துப்பாக்கியைத் தம்முடன் குதிரையிலேயே வைத்திருந்தனர். ஆகவே அது அரசின் சொத்தாக இருந்தும் தம் சொந்தப் பொருள் போலாயிற்று. காவலிருந்த நீண்ட பொழுதுகளில் மடக்குக் கத்தியால் அடிக்கட்டையிலே தம் பெயரைச் செதுக்கினர். சிலர் பெயரின் முதலெழுத்துக்களை மாத்திரம் வெட்டினர். ஊரையும் ஆண்டையும் சேர்த்தவரும் உண்டு. விவிலிய வசனம் பொறித்தவரும் உண்டு. பிடிபட்ட துப்பாக்கிகளை ஆங்கிலச் சிப்பாய்கள் வெற்றிச் சின்னங்களாகத் தத்தம் ஊருக்குக் கொண்டு சென்றனர். அதனாலே பெயர் பொறித்த மௌசர்கள் இன்று உலகின் பல மூலைகளிலே, வீட்டுச் சுவர்களிலும் நூதனசாலைப் பெட்டகங்களிலும் கிடக்கின்றன.

அப்பெயருக்குரியவர்களிற் பலர் நம் நாட்டு மண்ணை மிதித்தவர்கள். கைதிகளான போயர்களை ஆங்கில அரசு செயிண்ட் எலீனா, பெர்மியூடா, இந்தியா, இலங்கை ஆகிய இடங்களுக்குக் கடல் கடத்தியது. 1900 ஆகஸ்டிலே முதற் கூட்டத்தார் இங்கு வந்திறங்கித் தியத்தலாவை மலைச்சரிவில் அடைக்கப்பட்டனர். றாகமை, அம்பாந்தோட்டை முதலிய இடங்களிலும் முகாம்கள் இருந்தன. முகாமிலே துப்பாக்கி இல்லை. கத்தியும் மரமும் இருந்தன. பெட்டியும் கைத்தடியும் புகைக்குழாயும் செதுக்கி அவர்கள் பொழுது போக்கினர். அக்கைவேலைகள் இன்றும் சேகரிப்பாளராற் போற்றப்படுகின்றன. தடுப்புமுகாமிற் செதுக்கிய பெட்டியை மெருகிட்டுப் புதிதாக்க எவரும் துணியார். போர்க்களத்திற் செதுக்கிய கட்டையை மட்டும் துணிகின்றார்கள். இவ்வேறுபாட்டின் காரணம் எனக்கு விளங்கவில்லை.

மரம் ஏன் பழுதுறுகின்றது என்பதை அறிந்தால்தான் மருந்து கூறலாம். துப்பாக்கியின் இரும்பு வெப்பத்தாலும் ஈரத்தாலும் பெரிதாக மாறுவதில்லை. மரமோ ஈரத்தை உண்டு பருக்கும், காய்ந்து சுருங்கும், அதுவும் இழையின் நீளவாக்கிலன்றிக் குறுக்குவாக்கிலேயே மிகுதியாகச் செய்யும். இரும்பை இறுகப் பற்றியிருக்கும் மரம் சுருங்க முயன்று இயலாதபோது பிளக்கின்றது. தென்னாபிரிக்க மேட்டுநிலத்தின் வறண்ட காற்றிற் காய்ந்த கட்டை, இங்கிலாந்தின் கணப்படுப்புக்கு மேலே ஐம்பதாண்டு தொங்கிப் பின் கொழும்பு போன்ற ஈரநாட்டுக்கு வந்தால் அதன் பாடு சொல்லவும் வேண்டுமோ? மற்றொரு காரணம் உதைப்பு. வெடிக்கும்போது பின்னோக்கித் தள்ளும் விசையைத் தாங்குவதற்கென இரும்பிலே ஒரு குமிழ் உண்டு. அது மரத்திலுள்ள ஒரு சுவரிலே முட்டிநிற்கும். எண்ணெய் ஊறி அச்சுவர் மெதுவானால் இரும்பு சிறிது சிறிதாகப் பின்னேறும். ஏறிய இரும்பின் வால் ஆப்புப் போலக் கட்டையின் கழுத்திலே இறங்கி அதனை இரண்டாக்கும். பழந்துப்பாக்கிகளிற் பெரும்பாலானவை கழுத்தில் வெடித்திருப்பதற்குக் காரணம் இதுவே. கழுத்து, குழலுக்கும் அடிக்கட்டைக்கும் இடையிலே கை பிடிக்கும் மெலிந்த பாகம்; இழை சற்றுச் சரிந்து ஓடினாலும் அங்கே வலி குன்றும். மூன்றாவது காரணம் வெறும் விழுதல். அடிக்கட்டையின் கீழ்முனை தரையில் மோதிச் சில்லாகப் பெயரும்.

இனி, பழுதுபார்ப்போரின் வழக்கத்தைக் காண்போம். முதலில் அவர் கையிலெடுப்பது அரத்தாள். கறுத்துக் கிடக்கும் மரத்தைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே பொன்னிறம் தோன்றியதும் அவர் முகம் மலர்கின்றது. உரியவர் முகமும் மலர்கின்றது. பின்னர் வார்னிஷ் இரண்டு பூச்சு. கண்ணாடி போல மின்னும் கட்டை ஆயத்தம். ஆயின் விரலால் தடவிப் பார்ப்போர் ஒன்றை உணர்வர். மரமும் இரும்பும் சந்திக்கும் இடத்தில் முன்பு இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. இப்பொழுது மரம் தாழ்ந்து இரும்பு மேலே துருத்திக்கொண்டு நிற்கின்றது. சிற்பி கூராக விட்ட விளிம்புகள் மழுங்கிவிட்டன. தொழிற்சாலையிற் குத்திய முத்திரைகள் மங்கிவிட்டன. பெயரின் ஆழமான கோடுகள் மாத்திரம் எஞ்சி, மென்மையான கோடுகள் மறைந்துவிட்டன. தேய்த்த மரத்தை மீளப் பூசுவாரில்லை. இந்நிலையை அடைந்த துப்பாக்கிக்கு உலகிலே வைத்தியம் கிடையாது.

இங்கே பணமும் குறுக்கிடுகின்றது. பெயர் பொறித்த மௌசருக்கு வெறும் மௌசரைவிட அதிக விலை கிடைப்பதால், புதிதாகப் பெயர் வெட்டி விற்போரும் தோன்றியிருக்கின்றனர். உண்மையான பழம்பொறிப்பை எவ்வாறு அறிவது? கத்தி சென்ற தடத்தின் உள்ளே நூறாண்டு வியர்வையும் எண்ணெயும் தூசியும் இறுகிக் கறுத்திருக்கும். பெயரை வெட்டிய பின் விழுந்த வடுக்கள் எழுத்தைக் கடந்து செல்லும். பொய்ப் பெயரிலோ பழைய வடுவை எழுத்து கடந்து செல்லும். இத்தகைய நுட்பங்களே சான்று. அரத்தாள் எடுத்தவர் முதலில் அழிப்பது இச்சான்றைத்தான். தேய்த்துக் கழுவிய உண்மைப் பெயரும் நேற்று வெட்டிய பொய்ப் பெயரும் ஒன்றுபோலாகிவிடுகின்றன. ஓர் உழவன் தன் கையால் எழுதிய ஒரே சாசனம் அதுவாக இருக்கலாம். அதனை ஐயத்துக்கிடமாக்கும் உரிமை எவருக்கு உண்டு?

அப்படியானால் ஒன்றுமே செய்யாது விட்டுவிடுவதா என்று கேட்பர். அதுவும் எனக்கு உடன்பாடன்று. தொடக்கூடாது என்ற விரதத்தினாற் செல்லரித்துப்போன பொருள்கள் நம் நாட்டிற் குறைவில்லை. நான் வகுக்கும் எல்லை இது. பழுதுகளுள் வளர்வனவும் உண்டு, வளர்ச்சி நின்றுபோனவையும் உண்டு. கழுத்திலுள்ள வெடிப்பு ஒவ்வொரு கோடையிலும் நீளும். அது வளரும் பழுது. வண்டரிப்பும் எண்ணெய்ச் சிதைவும், ஆணி துருத்து மரத்தைப் பிளப்பதும் அவ்வகையே. அவற்றை உடனே தடுத்தல் வேண்டும். ஆயின், பாறையில் மோதிய வடுவும் தோல்வார் உராய்ந்த தேய்வும் கை பட்டுப் பட்டு வழுவழுப்பான கருமையும் நின்ற பழுதுகள். 1900ஆம் ஆண்டில் எவ்வாறு இருந்தனவோ அவ்வாறே 2100இலும் இருக்கும். அவற்றைப் பழுது என்பதே தவறு. அவை அப்பொருளின் வரலாறு.

வளரும் வெடிப்பை எவ்வாறு அடக்குவது? இதிலே பொறுமைதான் முதற்கருவி. எண்ணெய் ஊறிய மரத்திற் பசை ஒட்டாது. ஆதலால் வெடிப்பின் உட்புறத்தை முதலிற் சுத்தம் செய்தல் வேண்டும். வெண்சுண்ணத்தூளை அசற்றோன் போன்ற திரவத்திற் குழைத்து, எழுத்தில்லாத உட்பக்கத்திலே அப்பிவிட்டால் திரவம் ஆவியாகும்போது எண்ணெயைத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சளித்த தூளைத் தட்டிவிட்டு மீண்டும் அப்ப வேண்டும். ஒருநாளிற் சில சமயம் முடியும். பல நாள் எடுப்பதும் உண்டு. பின்னரே பசை. இங்கே அபிப்பிராய பேதம் பெரிது. எபொக்சிப் பசை எண்ணெய்ச் சுவடு சிறிதிருந்தாலும் பற்றும். இரும்பு போல இறுகும். தச்சர் பழங்காலந்தொட்டுப் பயன்படுத்திய வச்சிரமோ ஈரத்துக்கும் சூட்டுக்கும் இளகும். இளகுவதைக் குறையென்பர் பலர். அதுவே அதன் பெருமை என்பேன் யான். நமக்குப் பின்வரும் ஒருவன் நம்மிலும் தேர்ந்தவனாக இருப்பான். நாம் ஒட்டியதை அவன் மரத்துக்குத் தீங்கின்றிப் பிரிக்க முடியவேண்டும். சுடுவதற்கென வைத்திருக்கும் துப்பாக்கிக்கு வச்சிரம் போதாது என்பது மெய்யே. ஆனால் நூற்றிருபது ஆண்டு கடந்த மௌசரை வைத்துச் சுடவேண்டிய அவசியம் யாருக்கு வந்தது? போர் முடிந்துவிட்டது.

சில்லுப் பெயர்ந்த இடத்துக்கு ஒட்டுத்துண்டு வைப்பது அடுத்த வேலை. நல்ல தச்சனையும் அல்லாத தச்சனையும் இங்கே அறியலாம். ஒட்டுத்துண்டு அதே சாதி மரமாக இருத்தல் வேண்டும். அதே திசையில் இழை ஓடுதல் வேண்டும். பழைய தளபாடங்களிலிருந்து எடுத்த வால்நட் கிடைத்தால் மிக நன்று. புது மரம் இன்னும் சுருங்கும். மரத்தின் நுனியிழையிற் பசை சரியாகப் பிடிக்காது; ஆகவே குறுக்கே நேராக அறுத்துப் பொருத்துவது வீண். சாய்வாக, இழையோடு இழை படியுமாறு அறுக்க வேண்டும். பொருந்துகின்றதா என்று காண, துண்டின் அடியிலே விளக்குக் கரியைத் தடவி வைத்து எடுப்பர். கரி பட்ட இடம் மேடு, அவ்விடத்தை மாத்திரம் சீவுவர். மீண்டும் கரி, மீண்டும் சீவல். இவ்வாறு இருபது முறை செய்வோரும் உண்டு. பழைய கட்டையிலிருந்து நீக்கும் மரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. துண்டு சதுரமாக அமைவதற்காக நல்ல மரத்தை வெட்டி எறிபவர், பல்லைக் கட்டுவதற்காகத் தாடையைக் கழற்றும் வைத்தியருக்கு ஒப்பானவர். நிறமூட்டுவதாயின் புதுத்துண்டை மாத்திரம் பழையதற்கு இணங்க ஊட்டுக. பழையதைப் புதியதற்கு இணங்கத் தேய்ப்பது தலைகீழான நியாயம்.

அழுந்திய பள்ளங்களை ஆவியால் எழுப்பும் வித்தையும் உண்டு. ஈரத்துணியை வைத்துச் சூடான இரும்பால் ஒற்றினால் நசுங்கிய இழைகள் நீரை உண்டு எழும்பும். இழை அறுந்திருந்தால் எழும்பாது. பார்ப்பதற்கு மாயம் போலிருக்கும் இவ்வித்தையை நான் அஞ்சுகிறேன். தொழிற்சாலை முத்திரையும் நசுங்கிய இழைதானே? பள்ளத்தை எழுப்பும் ஆவி முத்திரையையும் எழுப்பி மறைத்துவிடும். இறுகிய கருமையை இளக்கிவிடும். எழுத்துள்ள பக்கத்தில் ஆவி வேண்டவே வேண்டாம்.

ஒட்டு வெளியிலே தெரியக்கூடாது என்று பலர் விரும்புகின்றனர். பட்டாளத்துக் கருவித் தச்சருக்கு அத்தகைய கூச்சம் இருந்ததில்லை. ஆங்கிலேயரின் லீ என்பீல்ட் துப்பாக்கிகளைப் பார்த்தோர், அவற்றின் கட்டைகளிலே சாய்சதுரமாகவும் புறாவால் வடிவிலும் வைத்த ஒட்டுத்துண்டுகளைக் கண்டிருப்பர். வெடிப்பைத் தைப்பது போலப் பித்தளைக் கம்பி அடித்து மட்டமாக அராவியிருப்பதையும் கண்டிருப்பர். வங்காளத்து இஷாப்பூர் ஆலையிலே கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியை முடுக்கி, வெடிக்கக்கூடிய இடத்தை முன்கூட்டியே இறுக்கினர். அத்திருகாணியைக் கண்டே இன்று அவ்வாலையின் துப்பாக்கியை இனங்காண்கின்றனர். இவையெல்லாம் ஒளிவுமறைவற்ற பழுதுபார்ப்புகள். காலம் சென்றபின் அவையே சரித்திரச் சான்றாயின. இத்தகைய ஒட்டொன்றைக் கழற்றிவிட்டு, புது மரத்தாற் கண்ணுக்குத் தெரியாமல் அடைத்துத் தருவதாக ஒருவர் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுதல் நலம்.

இக்கொள்கை தமிழ் கற்றோருக்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய நம் பெரியோர் இதே கேள்வியை எதிர்கொண்டனர். சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையும் உத்தமதானபுரம் சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளின் முன் அமர்ந்தபோது, சிதைந்த சீரைத் தாமே புனைந்து நிரப்புவதற்கு வேண்டிய புலமை அவர்களிடம் இல்லாமற் போகவில்லை. ஆயினும் புறநானூற்றிலே சிதைந்த அடிகள் இன்றும் புள்ளிகளாகவே நிற்கின்றன. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்றே எழுதப்பட்டுள்ளது. அப்புள்ளிகளைக் கண்டு எவரும் நூலைப் பழுதென்று ஒதுக்கவில்லை. பதிப்பாசிரியர் நிரப்பியிருந்தாலன்றோ, எது சங்கப் புலவர் வாக்கு, எது பதிப்பாசிரியர் வாக்கு என்று நாம் இன்று திண்டாடுவோம்! சாய்சதுர ஒட்டுத்துண்டு மரத்திலிட்ட புள்ளி.

மேல்நாட்டிலும் இவ்வழக்கு முன்பே நடந்தது. பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பதாகக் கூறிச் சுவர்ப்பூச்சைச் சுரண்டித் தள்ளியவர்களை எதிர்த்து, வில்லியம் மொறிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். ‘சுரண்டல் எதிர்ப்போர்’ என்ற பொருள்பட அச்சங்கத்தாரே தமக்கு ஒரு விளையாட்டுப் பெயரும் இட்டுக்கொண்டனர். கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டதும் அதே 1877இல் என்பது தற்செயலே. எனினும் நினைவிற் கொள்ளத்தக்க தற்செயல்.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதனை மறைத்தல் நேர்மையன்று. “சிப்பாய் தன் துப்பாக்கியை அழுக்காக வைத்திருந்தானா? எண்ணெய் தேய்த்து மினுக்கினான். அப்படியிருக்க, நாம் மினுக்கினால் என்ன?” என்பர். நல்ல கேள்விதான். சிப்பாய் தேய்த்தது ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையாலே தேய்த்தான், அரத்தாளால் அன்று. எண்ணெய் மரத்துட் புகுந்து காற்றில் இறுகும், எதனையும் நீக்காது. அந்த அளவுக்கு நாமும் செய்யலாம். வருடத்துக்கொருமுறை, சில துளி, கையாலே. (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவோர் கவனிக்க: ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவிடுக.) என் பொருளை என் விருப்பப்படி செய்வேன் என்ற வாதம் இன்னொன்று. சட்டப்படி அது சரியாகலாம். இந்நாட்டிலே துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உத்தரவுப் பத்திரம் வேண்டும். அரத்தாள் பிடிப்பதற்கு எவ்வித பத்திரமும் வேண்டியதில்லை!

நம் நாட்டுக் கண்டித் துப்பாக்கிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாகப் பிளந்தாற்போன்ற அடிக்கட்டையும், மரத்திற் பதித்த வெள்ளி, பித்தளை, தந்த வேலைப்பாடுகளும் அவற்றின் தனிச்சிறப்பு. அவற்றுட் பலவற்றிலே பூட்டுப்பொறி இடப்பக்கம் அமைந்திருப்பதையும் காணலாம். இவற்றிலே மரம் பருத்துச் சுருங்கும்போதெல்லாம் பதித்த தகடு ஒரு மயிரளவு எழும்பும். எழும்பிய தகடு துணியிற் சிக்கிக் கழலும். கழன்ற இடத்துக்குப் புதுத்தகடு வெட்டிப் பதிப்பதைவிட, எஞ்சிய தகடுகள் கழலாதிருக்கக் காற்றின் ஈரத்தை ஒரே அளவில் வைத்தல் பன்மடங்கு பயன் தரும். வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். அதன் விளிம்பைக் கொண்டே அங்கு இருந்த பூவின் வடிவை மாணவன் ஊகித்துக்கொள்வான்.

இறுதியாக, செய்த வேலையை எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும். தொடங்குமுன் நான்கு புறமும் படம் பிடித்தல் வேண்டும். பெயர்ந்த சில்லு எவ்வளவு சிறிதாயினும் கடதாசியிற் பொதிந்து, எங்கிருந்து விழுந்தது என்று குறித்துத் துப்பாக்கியோடு வைத்தல் வேண்டும். குழலைக் கழற்றினால் அதன் அடியிலுள்ள மரத்தொட்டியிலே, வெளியிற் தெரியாத இடத்தில், கட்டை கடைந்த தொழிலாளரின் குறிகள் சில துப்பாக்கிகளிற் காணப்படும். அவற்றுக்கு அருகே, அவற்றின்மேற் படாமல், பழுதுபார்த்தவர் தம் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் பென்சிலால் எழுதலாம். எந்தத் துண்டு புதிது, என்ன பசை என்பதையும் ஒரு வரியிற் குறிக்கலாம். பென்சில் போதும்; மை வேண்டாம். மை மரத்துள் ஊறும்.